கையை எடுக்கச் சொல்லு

ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிளைத் தூக்கப் போகிறார்கள் என்றால், நடுவில் நிற்கிறவளுக்கு நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது. ஒருவர் அவள் புருஷன். இன்னொருவன் அவளோடு கூடப் பிறந்த தம்பி. மாடியில் தம்பி, கீழே இவர்கள். மூன்று வருஷமாக ஒரே வாசலில் போய் வந்துகொண்டு, ஒரே வண்டியை ஓட்டிக்கொண்டு, முகத்துக்கு முகம் பார்க்காமல் காலம் தள்ளுகிறார்கள். பகலில் வண்டி புருஷனுக்கு. ராத்திரி ரொட்டித் தொழிற்சாலைக்குப் போய்வரத் தம்பிக்கு. சாவி அக்கா கையில் மாறும். பேச்சும் அப்படித்தான், அக்கா வாயில் மாறும்.

புருஷனுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் மெழுகில் வடித்து, அரம் போட்டு, மெருகேற்றி, பிறந்ததிலிருந்து வாயிலேயே இருந்தது என்று சத்தியம் செய்யலாம் போல ஒரு பல்லைக் கொடுப்பார். தெருவில் அவருக்குப் பேரே பல்செட்காரர்தான். சண்டைக்குக் காரணமும் அந்தப் பல்தான். சின்ன வயதில் கிரிக்கெட் பந்து பட்டு உடைந்த தம்பியின் முன்பற்கள் இரண்டையும் இவர்தான் கட்டிக் கொடுத்திருந்தார். தம்பியைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்த அன்று, பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பல்செட்காரருக்குத் தொழில் பெருமை தலைக்கேறிவிட்டது. "மாப்பிள்ளை சிரிக்கறான் பாருங்க, முன்னாடி ரெண்டும் நான் கட்டினது. யாராவது கண்டுபிடிக்க முடியுமா?" என்று சபையில் கேட்டுவிட்டார். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை, வாஸ்தவம். ஆனால் அதற்குப் பிறகு பெண் வீட்டாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து தம்பி, அவர் கட்டிய பல்லை வாயில் வைத்துக்கொண்டே அவரோடு பேசுவதை விட்டுவிட்டான். இவருக்கும் ரோஷம். நல்ல வேலையை நல்ல வேலை என்று சொன்னது ஒரு குற்றமா என்று இவரும் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். உள்ளே டாக்டர், "அந்த ஆளை வெளிய போகச் சொல்லு, இன்னிக்கு யாரையும் பாக்க முடியாது" என்று எரிந்து விழுவார். அக்கா வெளியே வந்து, "டாக்டர் உங்களை நாளைக்கு நிதானமா பாக்கணுங்கறார்" என்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டே போவார். அதே கைங்கரியத்தை வீட்டிலும் செய்து வந்தாள். தம்பி மாடிப்படியில் நின்று காரமாக ஏதாவது சொல்வான், அது கூடத்துக்கு வந்து சேருவதற்குள் காரம் போயிருக்கும். இவர் சுள்ளென்று ஒன்று சொல்வார், மேலே போகும்போது அதில் சர்க்கரை ஏறியிருக்கும். இதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு. குடும்பம் இரண்டு படாமல் இருப்பது தன் நாக்கினால்தான் என்று நினைத்திருந்தாள்.

வண்டியின் பின் சக்கரம் ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும். மாற்றுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், கழற்றுவதற்கு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். நடு ஸ்டாண்டு இருந்தால் ஒரே மிதியில் முடிகிற வேலை. அதன் ஒரு கால் முறிந்து போய் வெகு நாளாகிறது. மெக்கானிக்கிடம் விடலாம் என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பல்செட்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரமாக ராத்திரி பூராவும் போனில் வீடியோ பார்த்துவிட்டு, எதிர்வீட்டு கார்க்காரரிடம் ஜாக்கியை இரவல் வாங்கி வந்து, வீட்டிலேயே செய்வது என்று ஒற்றைக் காலில் நின்றார். தானே செய்தால்தான் மனசுக்குத் திருப்தியாம்.

ஆனால் அது ஒற்றை ஆள் வேலை இல்லை. கைப்பிடியின் ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டலாம். மறு பக்கம் சாக்கடை, அதற்கப்பால் காம்பவுண்டு சுவர், கட்ட ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்று வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கனமான வண்டி, அக்காவால் ஆகாது. அவள் தம்பியிடம் போய், நீ பக்கத்தில் நின்றால் மாமாவுக்குத் தைரியமாக இருக்குமாம் என்றாள். புருஷனிடம் வந்து, ஒத்தாசைக்கு வரட்டுமா என்று தம்பியே கேட்டான் என்றாள். இருவரும் ஆளுக்கொரு முறை 'ம்' கொட்டினார்கள். இரண்டு பொய்யில் ஒரு வேலை முடிந்தது.

முடிந்தது என்றாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் அவள் பயந்தது சண்டைக்குத்தான். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒரு வார்த்தை ஏறுக்கு மாறாக விழுந்தால் பழசெல்லாம் கிளறி வந்துவிடும். அப்புறம்தான் வண்டி கண்ணில் பட்டது. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருந்த சிமெண்டுத் தரையில் அது தடிமாடு மாதிரி நின்றது. அதன் அடியில் கையை விடப் போகிறவர் பல் செய்கிறவர். அந்த விரல்களில் ஒன்று நசுங்கினால் அரமும் பிடிக்க முடியாது, மெழுகும் வடிக்க முடியாது. அதற்கப்புறம் அந்த மனுஷன் எதற்கு எழுந்து உட்காருவார்?

நியாயமாகச் சொன்னால் பல்செட்காரர் அலட்சியமான ஆள் இல்லை. முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் அண்டக் கொடுத்தார். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து ரப்பரால் இறுக்கிக் கட்டினார். கியரில் போட்டார். கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பார்த்தார். ஜாக்கியின் தலை நேரே இன்ஜினைக் குத்தக் கூடாது என்று நடுவில் ஒரு பலகையும் வைத்தார். எல்லாம் சரி. ஜாக்கியை வைத்த இடம்தான் சரியில்லை. வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று கேட்டுக்கு அருகே வைத்திருந்தார். அங்கே தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாக்கடைப் பக்கம் சரித்துப் பூசியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. தினமும் விடிகாலையில் வந்து அதே இடத்தில் வண்டியை நிறுத்துகிற தம்பியின் காலுக்குத் தெரியும்.

"அக்கா, அங்க தரை சரிவு. ஏத்தினா ஜாக்கி சாஞ்சு வண்டி என் மேலயே வரும். உள்ள தள்ளி மட்டமா இருக்கற இடத்துல வெக்கச் சொல்லு உன் வீட்டுக்காரரை. இது பல்லு கட்டற வேலை இல்ல."

கடைசி வாக்கியம்தான் அக்கா காதில் பெரிதாக விழுந்தது. பல் என்ற வார்த்தை இந்த வீட்டில் வெடிமருந்து. அதை அமுக்க வேண்டும் என்ற அவசரத்தில் மற்றதையும் சேர்த்து அமுக்கிவிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சா உங்களுக்கு வசதியா இருக்குமான்னு தம்பி கேக்கறான்."

பல்செட்காரர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். இங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, தனக்கு இதுவே வசதி என்று சொல்லச் சொன்னார். பரவாயில்லை, பையன் அக்கறையாகக் கேட்கிறான் என்று அவர் முகம் கொஞ்சம் இளகிற்று. அக்கா தம்பி பக்கம் திரும்பி, "அவர் நல்லா யோசிச்சுட்டாராம், இங்கதான் சரிப்படுமாம்" என்றாள். தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டான். சரிவு என்று சொல்லியும் ஒரு மனுஷன் கேட்கவில்லை என்றால் அதற்கு மேல் என்ன சொல்வது? வண்டியின் பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை அகட்டி நின்றான்.

ஜாக்கியின் திருகு சுற்றச் சுற்ற வண்டியின் பின்பக்கம் மெதுவாக எழும்பியது. சக்கரம் தரையை விட்டது. தூக்கியதும் ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது, பல்செட்காரர் எழுந்து சீட்டைப் பிடித்து ஆட்டினார். எப்படி ஆட்டினார் என்றால், நோயாளிக்கு வலிக்குமோ என்று பல்லை இரண்டு விரலால் அசைத்துப் பார்ப்பதைப் போல. அந்த ஆட்டலுக்கு வண்டி அசையவில்லை. அவருக்குத் திருப்தி.

தம்பிக்குத் திருப்தி இல்லை. இன்னும் பலமாக ஆட்டச் சொல்லு, அதோ இருக்கிற மரக்கட்டை இரண்டையும் முதலில் அடியில் முட்டுக் கொடுக்கச் சொல்லு, அதற்கு முன்னால் உள்ளே கையை விட்டால் சுத்த மடத்தனம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அக்கா மடத்தனத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். முட்டுக் கொடு என்பது அதட்டல் மாதிரி இருந்தது, அதையும் கொஞ்சம் நீவிவிட்டாள். கட்டை இரண்டும் இங்கேயே இருக்கிறதாம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாமாம் என்று அவள் சொன்னபோது அது வீட்டுக்கு வந்தவரிடம் தலையணை வேண்டுமா என்று கேட்பதைப் போல இருந்தது. வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பல்செட்காரர் பழைய போர்வையை விரித்து ஒருக்களித்துப் படுத்தார்.

சக்கரத்து அச்சின் நட்டு இறுகிப் போயிருந்தது. ஸ்பானரைப் போட்டு ஓர் இழுப்பு, வரவில்லை. இன்னோர் இழுப்பு. ஒவ்வோர் இழுப்புக்கும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அக்கா இதெல்லாம் சகஜம்தானா என்று இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு முகம் தரையில் இருந்தது, இன்னொரு முகம் இறுகிக் கிடந்தது. நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தினால் யார் மேல் குற்றம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கத்தவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ஒரு வழியாக நட்டு இளகியது. பல்செட்காரர் சந்தோஷமாக ஏதோ முணுமுணுத்தார். அச்சை உருவினார். சக்கரம் தொப்பென்று இறங்கியது. செயினை விடுவிக்க இடது கையைச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் நுழைத்து, சக்கரத்தைக் கொஞ்சம் ஏந்திக்கொண்டார். அந்த நேரத்தில்தான் தம்பி பார்த்தான். ஜாக்கியின் பாதம் தன் பக்கம் ஊன்றியிருந்தது, எதிர்ப்பக்கத்து விளிம்பு தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. பலகை நகர்ந்துகொண்டிருந்தது. வண்டியின் கனம் முழுவதும் அவன் தோளுக்கு வந்தது.

"அக்கா, ஜாக்கி சாயுது. கையை எடுக்கச் சொல்லு."

அக்காவுக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது. ஆனால் மூன்று வருஷமாக ஒரே பாதையில் போய்ப் பழகிய நாக்கு அது. "ஏங்க, தம்பி என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தது.

"இரு, இரு. வேலையா இருக்கேன்ல, ஒரு நிமிஷம்" என்றார் பல்செட்காரர், உள்ளேயிருந்து.

வண்டி தம்பியின் மேல் இன்னும் சாய்ந்தது. "மாமா, கையை எடுங்க" என்று அவன் நேராகவே கத்திவிட்டான்.

பல்செட்காரர் என்ன செய்தார் தெரியுமா? கையை எடுக்கவில்லை. தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். மூன்று வருஷமாகக் காதில் விழாத மாமா. தன்னையா கூப்பிட்டான், நிஜமாகவே தன்னையா என்று அவர் முகம் அப்படியே மலர்ந்து, வாய் திறந்து, பார்த்துக்கொண்டே கிடந்தார். கை இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் என்ன சொன்னான் என்பது அவருக்குள் இறங்கவே இல்லை.

அக்கா பேச்சை விட்டாள். குனிந்து அவருடைய இரண்டு காலையும் கணுக்காலில் பிடித்து, தன் உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் போட்டுப் பின்னால் இழுத்தாள். போர்வையோடு சேர்ந்து அவர் சறுக்கிக்கொண்டு வந்தார். ஜாக்கி மடங்கி விழுந்தது. தம்பி கடைசியாக ஓர் எம்பு எம்பி வண்டியை ஒரு கணம் நிறுத்தினான், அதற்கு மேல் முடியாமல் விட்டுவிட்டுச் சுவரோரம் தாவினான். கயிறு தெறித்தது. வண்டி பெருஞ்சத்தத்தோடு சாக்கடைப் பக்கம் சாய்ந்தது, கண்ணாடி நொறுங்கியது, பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

பல்செட்காரர் மல்லாந்து கிடந்தபடியே இடது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நடுவிரலில் நகம் பெயர்ந்து ரத்தம் ஒழுகியது. எழுந்து உட்கார்ந்து, தரையில் கிடந்த ஒரு மெல்லிய வாஷரை அந்த விரலாலும் கட்டை விரலாலும் எடுக்கப் பார்த்தார். முதல் தடவை நழுவியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி எடுத்தார், வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தரையிலேயே உட்கார்ந்து, தலைப்பைக் கிழித்து அவர் விரலில் சுற்றினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அழுதாள்.

வண்டியை யார் முதலில் தொடுவது என்று நின்ற நேரத்தில்தான் பேச்சு வந்தது. வந்தது அக்கா வழியாக இல்லை.

"சரிவுன்னு சொன்னேனே மாமா. சாயும்னு சொன்னேனே. கட்டையை முட்டுக் குடுங்கன்னு சொன்னேனே" என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது.

"எங்கடா சொன்ன? வசதியா இருக்குமான்னுதான கேட்ட?"

"வசதியா?"

இருவரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அவளுக்குத் தன் புருஷனையும் தம்பியையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் பார்த்தே வெகு நாள் ஆகியிருந்தது. பார்த்த நேரம் இப்படியா இருக்க வேண்டும்? எழுந்திருக்கக் கூட முடியாமல் அவர் விரலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். விரலில் சுற்றிய துணி நனைந்துகொண்டிருந்தது. அந்த ரத்தம் சரிவினால் வந்ததில்லை, ஜாக்கியால் வந்ததில்லை, தன் நாக்கால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தம்பியின் கண் அவளை விட்டு நகரவில்லை. அவன் வேறெதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக மாமாவைக் கேட்டான்.

"அந்தப் பெண் பார்த்த விஷயத்துக்கு... நீங்க ராத்திரி பூரா தூங்காம வருத்தப்பட்டதா அக்கா சொன்னா. என் வாயால ஒரு பையன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்னு அழுததா சொன்னா. அதுக்கப்புறம்தான் நான் வீட்டை விட்டுப் போகாம மாடியிலயே இருந்தேன். அதுவும் இவளாவே சொன்னதா?"

பல்செட்காரர் அன்றைக்கு ராத்திரி நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். அழவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பையைக் கட்டிக்கொண்டு நின்ற தம்பியை நிறுத்த அக்கா மாடிப்படியில் நின்று தானாகவே கோத்துச் சொன்னது அத்தனையும். இப்போது அவர் இல்லை என்று ஒரு தலையாட்டல் ஆட்டினால் போதும், தம்பி இன்றைக்கே கிளம்பிவிடுவான். அவரைத் தடுக்கவோ கண்ஜாடை காட்டவோ அவளுக்குத் துணிவில்லை. நசுங்கிய விரல் அவள் கையில் இருந்தது.

பல்செட்காரர் அவளைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிகிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சொன்னேன்டா" என்றார். "நான்தான் சொல்லச் சொன்னேன். நேர்ல சொல்ல வாய் வரல."

அப்புறம், "இப்பவும் வரல பாரு" என்றார். அது மட்டும் நிஜம். அவர் கண் கலங்கியிருந்தது.

தம்பி அவரை நம்பினானா, நம்பியதாக வைத்துக்கொண்டானா என்பது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெட்ரோல் ஒழுகுகிறது, முதலில் வண்டியை நிமிர்த்தலாம் மாமா என்றான்.

நிமிர்த்தினார்கள். பின் சக்கரம் பாதி கழன்று தொங்கியது, அப்படியே விட முடியாது, மறுபடியும் தூக்கித்தான் ஆக வேண்டும். இந்த முறை வண்டியை உள்ளே, மட்டமான தரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மாமாவுக்கு ஒரு கைதான். அக்கா பிடிக்கப் போனாள். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்று அவளைப் படியில் உட்காரச் சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்தில் அவளுக்கு வேலையில்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

படியில் உட்கார்ந்து பார்த்தாள். ஜாக்கி ஏறியது. தம்பி வண்டியைப் பேய் மாதிரி உலுக்கிப் பார்த்தான். முட்டுக் கொடுக்கக் கட்டை அடியில் போக வேண்டும், நல்ல கையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு மாமாதான் குனிந்தார். அக்கா படியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன். வையுங்க."

"இன்னும் கொஞ்சம் உள்ள போகணுமா?"

"ஒரு விரக்கடை. போதும். முட்டாளாட்டம் அங்கயே வெச்சுக்கிட்டு இருக்காதீங்க, கையை எடுங்க மாமா."

முட்டாள் என்ற வார்த்தையைக் கேட்டு அக்கா பதறிப் போய்ப் பாதி எழுந்துவிட்டாள். பல்செட்காரர் கையை எடுத்தார்.